எத்தனை மணி நேரப் பெட்டி வாங்கலாம்?

எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் சென்ற மாதம் ஒரு மாலையில் துண்டுச் சீட்டு ஒன்றுடன் வீட்டுக்கு வந்தார். அதில் மூன்று வரிகள்: 500 ஜிபி, 1 டிபி, 2 டிபி. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு விலை. அவர் வீட்டு டிடிஎச் பெட்டியில் வன்தட்டு ஒன்றை இணைத்துவிட்டால் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து வேண்டும்போது பார்க்கலாம் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். "சார், நீங்கள் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவர். இதில் எது ஆதாயம் என்று ஒரு கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்" என்றார். நடுவில் இருந்த 1 டிபிக்குப் பக்கத்தில் அவரே ஏற்கெனவே ஒரு சிறு புள்ளி வைத்திருந்ததையும் கவனித்தேன்.

கேள்வி எனக்குப் புதிதன்று. 2012-ஆம் ஆண்டில் இதே கேள்வியுடன் ஒரு கடையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நின்றிருக்கிறேன். அன்று என் முன்னால் இருந்தவை வன்தட்டு உள்ளேயே பொருத்தப்பட்ட இரண்டு பதிவுப் பெட்டிகள். ஒன்று 160 ஜிபி, மற்றொன்று 500 ஜிபி. அன்று நான் போட்ட கணக்கு இன்று சரிபார்த்தாலும் தவறில்லை. ஆனால், கேட்க வேண்டிய ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை. அதை உணர ஏழு ஆண்டுகள் ஆயின. நண்பரிடம் சொன்னவற்றை, இதே தயக்கத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால், இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

பதிவுப் பெட்டி என்ன செய்கிறது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. பழைய வீடியோ கேசட் கருவி, தனக்கு வந்த படத்தைத் தானே ஒருமுறை காந்த நாடாவில் எழுதியது. எனவே பதிவில் தரம் குறைந்தது. நாடாவை மெதுவாக ஓடவிட்டு அதிக நேரம் பதிவு செய்தால் இன்னும் குறைந்தது. இன்றைய பெட்டிக்கு அந்த வேலையே இல்லை. செயற்கைக்கோளிலிருந்து வரும் ஒளிபரப்பு, ஏற்கெனவே சுருக்கப்பட்ட எண்களின் ஓட்டமாகத்தான் வருகிறது. பெட்டி அந்த ஓட்டத்தை அப்படியே வன்தட்டில் இறக்கி வைக்கிறது. ஆகவே, ஒரு மணி நேர நிகழ்ச்சி எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதைப் பெட்டி தீர்மானிப்பதில்லை. ஒளிபரப்புவோர் நொடிக்கு எத்தனை பிட் அனுப்புகிறார்கள் என்பதே அதைத் தீர்மானிக்கிறது.

கணக்கு எளியது. நொடிக்கு 10 லட்சம் பிட், அதாவது ஒரு மெகாபிட் வந்தால், ஒரு மணி நேரத்தில் 45 கோடி பைட் சேரும், 450 மெகாபைட். சாதாரணத் தர ஒளிபரப்பை நொடிக்கு இரண்டரை மெகாபிட் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்துக்கு ஒன்றேகால் ஜிபிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். எச்டி எனப்படும் உயர்தர ஒளிபரப்பை 7 மெகாபிட் என்று கொண்டால், மூன்று ஜிபிக்குச் சற்று அதிகம். பெட்டி தன் சொந்த வேலைகளுக்கென்று ஒரு பகுதியை ஒதுக்கிக்கொள்ளும். நேரலையை நிறுத்திவைத்துப் பார்க்கும் வசதி இருந்தால், நாம் பதிவு செய்யாத வேளையிலும் அது வன்தட்டில் எழுதிக்கொண்டே இருக்கும். அதற்கும் இடம் வேண்டும். இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தால், 500 ஜிபியில் சாதாரணத் தரத்தில் ஏறத்தாழ 400 மணி நேரமும், உயர்தரத்தில் 150 மணி நேரமும் கொள்ளும். 2 டிபி என்றால் இவற்றை நான்கால் பெருக்கிக்கொள்ளலாம்.

அட்டைப்பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் மணிக்கணக்கு இதைவிட அதிகமாக இருந்தால் வியக்க வேண்டாம். அந்த எண்ணுக்குப் பின்னால் 'வரை' என்றொரு சொல் சிறிய எழுத்தில் நிற்கும். மிகக் குறைந்த தரத்தில் வரும் அலைவரிசையை மட்டுமே பதிவு செய்பவருக்கு அந்த எண் பொருந்தும். கிரிக்கெட் போட்டியைப் பதிவு செய்பவருக்குப் பொருந்தாது. பந்தும் பார்வையாளர் கூட்டமும் ஓயாது அசையும் படத்தைச் சுருக்குவது கடினம். ஒரே மேசையில் நால்வர் அமர்ந்து பேசும் விவாதத்தைச் சுருக்குவது எளிது. (விவாதத்தின் உள்ளடக்கத்தைச் சொல்லவில்லை; படத்தைச் சொல்கிறேன்.)

இன்னொரு ஐயத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 500 ஜிபி என்று வாங்கிய வன்தட்டைக் கணினியில் செருகினால் பெரும்பாலும் 465 என்று காட்டும். 35 ஜிபியைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டுவிட்டார் என்று சண்டைக்குப் போனவர்களை அறிவேன். தயாரிப்பாளர் ஒரு ஜிபியை 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார். கணினியோ இரண்டை முப்பது முறை பெருக்கி வரும் 107 கோடியே சொச்சத்தை ஒரு ஜிபி என்கிறது. இருப்பது அதே அளவு பைட்டுகள்தான். அளக்கும் படிதான் வேறு. மேலே நான் தந்த கணக்கு தயாரிப்பாளரின் படியில் அளந்தது. எனவே அதில் மேலும் கழிக்க வேண்டியதில்லை.

ஆனால், கழிக்க வேண்டியது வேறொன்று உண்டு. நம் நாட்டுக் கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி ஒரு மணி நேரத்தில் 10 நிமிடம் வணிக விளம்பரமும், 2 நிமிடம் அலைவரிசையின் சொந்த விளம்பரமும் வரலாம். விதி அது, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு பார்த்தவர்களுக்கு நடப்பு தெரியும். விதியின்படியே வைத்துக்கொண்டாலும், பதிவான ஒவ்வொரு மணியிலும் ஐந்தில் ஒரு பங்கு விளம்பரம். 150 மணி நேரப் பதிவில் 30 மணி நேரம். சோப்புக்கும் நகைக்கடைக்கும் நம் காசில் கிடங்கு கட்டித் தருகிறோம். வேகமாக ஓட்டிப் பார்க்கலாம் என்பது உண்மையே. அதனால் நம் நேரம் மிஞ்சுமே தவிர, வன்தட்டில் இடம் மிஞ்சாது.

இனி, கொள்ளளவு எப்போது முக்கியம், எப்போது முக்கியமன்று என்னும் கேள்விக்கு வருகிறேன். இதற்கு வரலாறு நல்ல விடையைத் தருகிறது. சோனி நிறுவனத்தின் பீட்டாமேக்ஸ் 1975-இல் வந்தபோது அதன் நாடாவில் ஒரு மணி நேரம்தான் பதியும். அடுத்த ஆண்டு ஜேவிசி நிறுவனத்தின் விஎச்எஸ் வந்தது; அதில் இரண்டு மணி நேரம் பதியும். படத் தரத்தில் பீட்டாமேக்ஸே மேல் என்று சொல்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஆனாலும் சந்தையில் விஎச்எஸ் வென்றது. காரணங்கள் பல. அவற்றுள் முதன்மையான ஒன்று, ஒரு மணி நேர நாடாவில் ஒரு திரைப்படம் முழுதாக அடங்காது என்பது. முக்கால் பங்கு திரைப்படத்துக்கு முக்கால் பங்கு பயன் கிடைப்பதில்லை. இறுதிக் காட்சி இல்லாத படத்துக்கு மதிப்பே இல்லை என்றுகூடச் சொல்லலாம். அங்கே கொள்ளளவு ஒரு வாசற்படி. அதைத் தாண்டாதவரை எதுவும் இல்லை. தாண்டியவுடன் எல்லாம் கிடைக்கிறது.

1999-இல் அமெரிக்காவில் டிவோ, ரீப்ளே டிவி என்னும் பெயர்களில் வன்தட்டுப் பதிவுப் பெட்டிகள் விற்பனைக்கு வந்தபோது அந்த வாசற்படி ஏற்கெனவே கடக்கப்பட்டிருந்தது. டிவோவின் தொடக்க வகைகள் இரண்டு. ஒன்று 14 மணி நேரம், மற்றொன்று 30 மணி நேரம். அதுவும் ஆகக் குறைந்த படத் தரத்தில். முன்னது 500 டாலருக்கு அருகில், பின்னது 1,000 டாலருக்கு அருகில். கூடுதலான 16 மணி நேரத்துக்கு 500 டாலர்! அந்த விலையில் கொள்ளளவைப் பற்றி இரவெல்லாம் யோசிப்பதில் பொருள் இருந்தது. அதற்குப் பிறகு வன்தட்டின் விலை, ஒரு ஜிபிக்கு இவ்வளவு என்று பார்த்தால், ஏறக்குறைய இடைவிடாமல் சரிந்துகொண்டே வந்தது. நினைவில் நிற்கும் விதிவிலக்கு 2011-இன் இறுதியில் தாய்லாந்தில் வந்த பெருவெள்ளம். உலகின் வன்தட்டு உற்பத்தியில் பெரும்பகுதி அங்கே நடந்ததால் விலை திடீரென்று ஏறிற்று. 2012-இல் நான் பெட்டி வாங்கச் சென்றபோது, தள்ளுபடி தராததற்கு அந்தக் கடைக்காரர் தாய்லாந்து வெள்ளத்தைத்தான் காரணம் காட்டினார். முப்பது ஆண்டுகள் அளிப்பும் தேவையும் நடத்திய நான் மறுபேச்சின்றித் தலையாட்டினேன்.

இன்று 500 ஜிபி வன்தட்டுக்கும் 2 டிபி வன்தட்டுக்கும் கொள்ளளவில் நான்கு மடங்கு வேறுபாடு. விலையில் அவ்வளவு இல்லை. சுழலும் மோட்டார், படிக்கும் முனை, உறை, கடைக்காரரின் வாடகை ஆகியவை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. எனவே ஒரு ஜிபியின் விலை என்று பார்ப்பவருக்குப் பெரியதே எப்போதும் மலிவாகத் தோன்றும். நண்பர் நடுவிலிருந்ததைப் புள்ளியிட்டு வைத்ததற்கும் காரணம் உண்டு. மூன்று பொருள்களை வரிசையாக வைத்தால் மிகச் சிறியது கருமித்தனமாகவும், மிகப் பெரியது ஆடம்பரமாகவும் தோன்ற, பலரும் நடுவிலிருப்பதை எடுப்பார்கள். இட்டமார் சைமன்சன் என்னும் ஆய்வாளர் 1989-இல் இந்தப் போக்கை ஆராய்ந்து எழுதினார். கடைக்காரர்கள் அதைப் படிக்காமலேயே அறிந்திருக்கிறார்கள்.

ஒரு ஜிபியின் விலையைப் பார்ப்பது தவறான அளவுகோல் என்பதே என் கருத்து. நாம் வாங்குவது இருப்பை. ஆனால் நம் வீட்டில் நடப்பது ஓட்டம். எங்கள் பக்கத்துக் கண்மாயை எடுத்துக்கொள்ளுங்கள். வரத்துக்கால் வழியாக நீர் வருகிறது, மடை வழியாக வயலுக்குப் போகிறது. மடையைத் திறக்காத கண்மாய் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஒரு நாள் நிறையும்; பிறகு மறுகால் பாயும். பதிவுப் பெட்டியிலும் அப்படியே. ஒரு வீட்டில் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் பதிவாகிறது, ஒன்றரை மணி நேரம் பார்த்து அழிக்கப்படுகிறது என்று கொள்வோம். நாளுக்கு அரை மணி நேரம் தேங்கும். 150 மணி நேரம் கொள்ளும் பெட்டி 300 நாளில் நிறையும். 600 மணி நேரப் பெட்டி 1,200 நாளில் நிறையும். இரண்டிலும் இறுதி ஒன்றுதான்: ஒருநாள் இரவு உட்கார்ந்து எதை அழிப்பது என்று முடிவெடுக்க வேண்டும். பெரிய பெட்டி அந்த முடிவை மூன்று ஆண்டுகளுக்குத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவே. மாறாக, பதிவதும் பார்ப்பதும் சமமாக இருக்கும் வீட்டில் 500 ஜிபி ஒருநாளும் நிறையாது.

பார்க்கும் நேரம்தான் பெருகுவதில்லை. கேரி பெக்கர் 1965-இல் எழுதிய நேரப் பங்கீட்டுக் கோட்பாட்டின் மையக் கருத்து இது: எந்தப் பொருளையும் நாம் காசு கொடுத்து மட்டும் நுகர்வதில்லை, நேரத்தையும் கொடுத்தே நுகர்கிறோம். ஸ்வீடன் நாட்டுப் பொருளாதார அறிஞர் ஸ்டஃபான் லிண்டர் 1970-இல் இதை இன்னும் கூர்மையாக்கினார். பொருள்கள் மலியமலிய, ஒவ்வொன்றுக்கும் ஒதுக்க நமக்கிருக்கும் நேரம் சுருங்குகிறது என்றார். எங்கள் பெட்டியில் ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். பதிவானவற்றில் பாதிக்கு மேல் ஒருமுறைகூடத் திறக்கப்படாதவை. பெரும்பாலானவை நான் பதிவு செய்தவை. உலகப் பொருளாதாரம் பற்றிய ஆவணப்படங்கள், எப்போதாவது பார்க்கலாம் என்று வைத்த பழைய படங்கள். என் மனைவி பதிவு செய்தவற்றில் அநேகமாக எல்லாம் பார்க்கப்பட்டிருந்தன. சில நான்கைந்து முறை.

இங்கேதான் நான் கேட்க மறந்த கேள்வி வருகிறது.

என் மனைவி பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். 2014 பொங்கலுக்கு எங்கள் ஊரில் நடந்த பட்டிமன்றம் ஒன்றில் பேசினார். ஒரு தொலைக்காட்சி அதைப் படம்பிடித்து, பண்டிகை நாளில் ஒளிபரப்பியது. அவர் பேசியது ஏழு நிமிடம் இருக்கும். நடுவர் ஓரிடத்தில் சிரித்துவிட்டு மணியை அடிக்க மறந்துபோனார். அந்தப் பதிவு அழிந்துவிடாதபடி பெட்டியிலேயே பூட்டு ஒன்றைப் போட்டு வைத்தார். தினக்காட்டியின் பின்னட்டையில், அழிக்கக் கூடாதவை என்று ஒரு பட்டியலும் எழுதி மாட்டியிருந்தார். அதில் மார்கழிக் கச்சேரிகள் சில, பேத்தி கேட்கும் கதை நிகழ்ச்சி, இந்தப் பட்டிமன்றம். 2017-இல் அவர் காலமானார். அதற்குப் பின் அந்த ஏழு நிமிடத்தை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று எழுத வேண்டியதில்லை.

2019-இல் ஒருநாள் காலை பெட்டி உயிர்பெறவில்லை. வந்த தொழில்நுட்பப் பணியாளர் இளைஞர், பொறுமையானவர். மின்வழங்கிப் பலகை எரிந்துவிட்டது, வன்தட்டு நன்றாகவே இருக்கிறது என்றார். எனக்கு நிம்மதி வந்தது. அப்படியானால் அந்த வன்தட்டைப் புதிய பெட்டியில் மாற்றிப் போடுங்கள் என்றேன். "மாற்றலாம் ஐயா, ஆனால் ஓடாது. இந்தப் பெட்டியில் பதிந்தது இந்தப் பெட்டியில்தான் ஓடும்" என்றார். கணினியில் போட்டால்? அதிலும் ஓடாது. சரி, வன்தட்டையாவது என்னிடம் விட்டுச் செல்லுங்கள் என்றேன். பெட்டி நிறுவனத்தின் உடைமை, திருப்பி எடுத்துச் சென்றாக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது என்றார். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். இருந்தது. அதில் கையெழுத்திட்டிருந்தவனும் நானே. பெட்டியைக் கொடுத்துவிட்டு ரசீதில் இன்னொரு கையெழுத்துப் போட்டேன். அந்தத் தொலைக்காட்சி நிலையத்துக்கு இரண்டு கடிதங்கள் எழுதினேன். பழைய நிகழ்ச்சிகளைப் பாதுகாப்பதில்லை என்று ஒன்றுக்குப் பதில் வந்தது.

அந்த இளைஞர் சொன்னது தொழில்நுட்ப அளவில் சரியே. கட்டண அலைவரிசைகள் மறையாக்கம் செய்யப்பட்டே வருகின்றன. பெட்டியும் அதிலுள்ள அட்டையும் சேர்ந்து அதைத் திறக்கின்றன. வன்தட்டில் எழுதும்போது பெட்டி தன் சொந்தச் சாவியால் மறுபடியும் பூட்டி எழுதுகிறது. அந்தச் சாவி அந்த ஒரு பெட்டிக்கே உரியது. வெளியிலிருந்து இணைக்கும் வன்தட்டிலும் பல நிறுவனங்கள் இவ்வாறே செய்கின்றன. வன்தட்டு நம் காசில் வாங்கியது. அதிலுள்ள பதிவோ பெட்டிக்குக் கட்டுப்பட்டது. பல பெட்டிகளில், மாதக் கட்டணம் நின்றுவிட்டால் ஏற்கெனவே பதிந்துவைத்தவையும் திறப்பதில்லை.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984-இல், சோனிக்கும் யுனிவர்சல் படநிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், ஒளிபரப்பை வீட்டில் பதிந்து பிறகு பார்ப்பது நியாயமான பயன்பாடே என்று தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகள் ஒருபுறம், நால்வர் மறுபுறம். ஒரே ஒரு வாக்கு மாறியிருந்தால் இந்தத் தொழிலே வேறு வழியில் போயிருக்கும். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 52-ஆம் பிரிவும் தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுதலை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. அதே சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்துடன் தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. தயாரிப்பாளரின் முதலீட்டைக் காக்கப் பூட்டு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. கட்டணம் செலுத்திய திரைப்படம் ஊரெங்கும் நகலெடுக்கப்பட்டால் அடுத்த படம் எடுக்க ஆளிருக்காது. ஆனால், பூட்டுக்குப் பகுத்தறிவு கிடையாது. நேற்று வெளியான திரைப்படத்தையும் உள்ளூர்ப் பட்டிமன்றத்தையும் அது ஒன்றாகவே பூட்டுகிறது. சட்டம் எனக்கு அளித்த சிறிய உரிமையைப் பெட்டி எனக்கு அளிக்கவில்லை.

ஒரு மணி நேரம் கடையில் நின்ற நான் இதைக் கேட்காமல் போனது ஏன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். பிலிப் நெல்சன் என்னும் பொருளாதார அறிஞர் 1970-இல் ஒரு வேறுபாட்டைச் சொன்னார். பொருளின் சில பண்புகளை வாங்குமுன்பே தேடி அறியலாம். சிலவற்றை வாங்கிப் பயன்படுத்திய பின்பே அறிய முடியும். புடவையின் நிறம் முன்னது. சாயம் போகுமா என்பது பின்னது. பதிவுப் பெட்டியில் கொள்ளளவு முன்னது. அட்டையில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும்; இரண்டு எண்களை ஒப்பிடலாம், வகுக்கலாம், பெருக்கலாம். பதிவு யாருக்குச் சொந்தம் என்பது பின்னது. அது எந்த அட்டையிலும் அச்சிடப்படுவதில்லை. எண்ணாகக் கிடைத்ததை ஒப்பிட்டேன். எண்ணாகக் கிடைக்காததை விட்டுவிட்டேன். இதே பிழையை விடைத்தாளில் மாணவர்கள் செய்தபோது மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

இப்போதெல்லாம் யார் பதிவு செய்கிறார்கள், எல்லாம் இணையத்தில் கிடைக்கிறதே என்று இளைய வாசகர்கள் கேட்கலாம். பெரிய அலைவரிசைகளின் தொடர்களும் புதிய படங்களும் கிடைக்கின்றன, உரிமக் காலம் முடியும் வரையில். கோயில் திருவிழா நேரலையும், வட்டார அலைவரிசையின் விவசாய நிகழ்ச்சியும், உள்ளூர் விழாவும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. நாம் வைத்துக்கொள்ள விரும்புபவை பல வேளைகளில் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவையாகவே இருக்கின்றன.

மற்றபடி, கொள்ளளவுக்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. பெட்டியில் அலைவரிசையைப் பிடிக்கும் ட்யூனர் ஒன்றா, இரண்டா என்பது அவற்றில் முக்கியமானது. ஒன்று மட்டும் இருந்தால், ஒரு நிகழ்ச்சி பதிவாகும்போது வேறு நிகழ்ச்சியைப் பார்ப்பது பொதுவாக இயலாது. வீட்டில் இருவருக்கு இரண்டு விருப்பங்கள் இருந்தால் 2 டிபி வன்தட்டு அந்தச் சண்டையைத் தீர்க்காது. 2 டிபிக்கு மேற்பட்ட வன்தட்டைப் பல பெட்டிகள் அடையாளமே காண்பதில்லை. சில மலிவுப் பெட்டிகள் நீண்ட பதிவை 4 ஜிபித் துண்டுகளாக வெட்டிவிடும். அது பழுதன்று, அவை பயன்படுத்தும் பழைய கோப்பு முறையின் வரம்பு. சுழலும் வன்தட்டு எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. காற்றோட்டமில்லாத அலமாரிக்குள் பெட்டியை அடைத்து, மேலே துணி விரித்துப் பூச்சாடி வைக்கும் வீடுகளில் அது சீக்கிரம் சாகிறது. 600 மணி நேரத்தை ஒரே தட்டில் வைப்பவர் 600 மணி நேரத்தையும் ஒரே நாளில் இழக்கக்கூடும்.

நண்பரிடம் மீண்டும் வருகிறேன். கணக்குக்கு முன் அவர் வீட்டு வழக்கத்தை விசாரித்தேன். அவர் மனைவி திங்கள் முதல் சனி வரை மூன்று அரைமணி நேரத் தொடர்களைப் பதிவு செய்து, ஞாயிறன்று பார்த்து அழித்துவிடுவாராம். வாரத்துக்கு 9 மணி நேரம். சாதாரணத் தரத்தில் 10 ஜிபி. அவருக்கு டெஸ்ட் கிரிக்கெட் மேல் பற்று. ஐந்து நாளும் முழுதாக நடந்தால், நாளுக்கு 7 மணி நேரம் என்று 35 மணி நேரம்; உயர்தரத்தில் 110 ஜிபி. இரண்டையும் கூட்டினாலும் 500 ஜிபியில் கால் பங்கைத் தாண்டவில்லை. ஐந்து போட்டி கொண்ட தொடர் முழுவதையும் அழிக்காமல் வைத்திருந்தால் மட்டுமே அது போதாது. வைத்திருப்பீர்களா என்று கேட்டேன். "தோற்ற போட்டியை அன்றைக்கே அழித்துவிடுவேன் சார்" என்றார். அப்படியானால் 500 ஜிபி போதும்.

ஆனால், வாங்குமுன் ஒரு சோதனை செய்து பாருங்கள் என்று சொன்னேன். என்னிடம் சும்மா கிடந்த பென்டிரைவ் ஒன்றைக் கொடுத்தேன். அதைப் பெட்டியில் செருகி ஐந்து நிமிடம் எதையாவது பதிவு செய்து, பின்னர் கணினியில் போட்டுத் திறக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். திறந்தால் பதிவு உங்களுடையது; இல்லையென்றால் பெட்டியுடையது. மறையாக்கம் இல்லாத இலவச அலைவரிசைகளுக்காக விற்கப்படும் பெட்டிகள் பலவற்றில் அது சாதாரணக் கோப்பாகவே பதியும். நகலெடுத்து வேறிடத்திலும் வைத்துக்கொள்ளலாம். அவருடைய பெட்டி எந்த வகை என்று அந்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மூன்று நாள் கழித்து பென்டிரைவைத் திருப்பிக் கொடுக்க வந்தார். கணினி அதைத் திறக்கவில்லை. 'இதைப் பயன்படுத்த முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும்' என்று கேட்டதாம். இருந்தாலும் 500 ஜிபி வாங்கிவிட்டார். தொடருக்கும் கிரிக்கெட்டுக்கும் அது போதும் என்றார். அடுத்த மாதம் அவருடைய பேத்தியின் பரதநாட்டியம் ஒரு தொலைக்காட்சியில் வரவிருக்கிறது. அன்று மட்டும் தொலைக்காட்சிக்கு எதிரே ஒரு முக்காலியில் கைப்பேசியை நிறுத்தி, திரையையே படம் பிடிக்கப்போவதாகவும், அந்த நேரத்தில் வீட்டில் யாரும் இருமக் கூடாது என்று உத்தரவு போட்டிருப்பதாகவும் சொன்னார். படம் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும் என்றார். பரவாயில்லை என்றேன்.